தோட்டத்திற்கு இரவில் வந்தது எது? தடயங்களைக் கொண்டு விலங்குகளை அறியும் முறை

முன்னுரை

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிற் பயிர்ச்செய்கை எளிதான தொழிலன்று. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் ஆறுகள் இல்லை. மாரி மழை சுண்ணக்கல் நிலத்தினுள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கும் நன்னீரே கிணறுகளுக்கு ஆதாரமாகும். அந்நீரை அளவோடு இறைத்து வளர்த்த நாற்று ஓர் இரவில் அழிந்துபோனால், பயிரோடு நீரும் உழைப்பும் சேர்ந்து வீணாகின்றன.

இத்தகைய அழிவைக் கண்டவுடன், “இதனைச் செய்தது எது?” என்னும் கேள்வி எழுகின்றது. அவசரத்திற் கூறப்படும் விடை பெரும்பாலும் பிழையாகவே அமையும். பிழையான விடையால் மூவகை நட்டம் உண்டாகும். முதலாவதாக, உண்மையான பகை தப்பித்து மறுநாளும் வரும். இரண்டாவதாக, பயிருக்கு நன்மை செய்யும் பிராணி வீணே கொல்லப்படும். மூன்றாவதாக, குற்றமற்ற ஆட்டையோ மாட்டையோ பழித்து அயலவரோடு மனத்தாங்கல் கொள்ள நேரிடும்.

வந்துபோன ஒவ்வொரு பிராணியும் தன் அடையாளத்தை விட்டே செல்கின்றது. கடி, காலடி, எச்சம், வளை, விட்டுச்சென்ற மிச்சம் ஆகிய ஐந்தையும் ஒழுங்காக நோக்கினால் வந்தது இன்னதென்று கூறிவிடலாம். அவ்வாறு நோக்கும் முறையை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

வேலணையில் இரண்டு பரப்புத் தோட்டம் ஒன்றை மனத்திற் கொள்வோம். பயற்றை விதை முளைத்து, கன்றுகள் இரண்டு மூன்று இலை விட்டிருக்கின்றன. முதல்நாள் மாலை பாத்திகளுக்கு நீர் பாய்ச்சப்பட்டது. மறுநாட் காலையிற் சென்று பார்க்கும்போது கன்றுகளில் நாலில் ஒரு பங்கைக் காணவில்லை. பாத்திகளின் ஓரத்தில் விரலளவு ஆழமான சிறு குழிகள் பல காணப்படுகின்றன. படலைக்கு அருகில் ஆட்டுப் பிழுக்கை கிடக்கின்றது. கிணற்றடியில் ஒரு மொட்டைப் பனை நிற்கின்றது. அதன் அடியிற் கருநிறமான உருண்டை ஒன்று கிடக்கின்றது.

தோட்டக்காரர் அயல்வீட்டு ஆட்டைச் சந்தேகிக்கின்றார். அவர் மனைவி, அடிக்கடி அவ்வழியே ஓடும் கீரியைச் சந்தேகிக்கின்றார். கருநிற உருண்டையைக் கண்ட முதியவர் ஒருவர் மரநாயின் வேலையென்கின்றார். மூவரும் ஒவ்வொரு தடயத்தை மட்டும் கண்டே முடிவுக்கு வந்துள்ளனர். இனி, தடயங்கள் யாவற்றையும் ஒவ்வொன்றாக ஆராயும் முறையைப் பார்ப்போம். பின்னர் இத்தோட்டத்திற்கு மீளுவோம்.

முதலிற் செய்யவேண்டியவை

அழிவைக் கண்டதும் தோட்டத்தினுள் இறங்கி நடத்தலாகாது. கமக்காரரின் காலடியே பல தடயங்களை அழித்துவிடும். முதலில் வேலியின் வெளிப்புறமாகச் சுற்றிவந்து, கிடுகு விலகிய இடம், மண் தேய்ந்த இடம், மதிலிற் கல் சரிந்த இடம் ஆகியவற்றைக் கவனித்தல் வேண்டும். பின்னர் வரப்பு வழியாக மட்டும் உள்ளே செல்லலாம்.

பார்ப்பதற்கு உகந்த நேரம் சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமாகும். அப்போது வெயில் சாய்வாக விழுவதால் மண்ணிற் பதிந்த சுவடுகள் நிழலோடு தெளிவாகத் தோன்றும். உச்சி வெயிலில் அதே சுவடு கண்ணுக்குப் புலப்படாது. சுவட்டின் அருகில் ஒரு நாணயத்தையோ அடிமட்டத்தையோ வைத்துக் கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று. பின்னர் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுவதற்கும் அது உதவும்.

அடுத்ததாக, அழிவு நிகழ்ந்த நேரத்தை வரையறுத்தல் வேண்டும். மாலையில் முழுமையாக இருந்த பாத்தி காலையிற் குறைந்திருந்தால் இரவுப் பிராணியே வந்திருத்தல் வேண்டும். கிளி, காகம், அணில், கீரி, உடும்பு ஆகியன பகலிற் திரிவன. எலி, முயல், மரநாய், வௌவால், நத்தை ஆகியன பெரும்பாலும் இரவில் வருவன. இந்நேர வேறுபாட்டை அறியாதோர் பெருந்தவறு செய்ததற்கு வரலாற்றிற் சான்று உண்டு. கரும்புத் தோட்டங்களில் எலியை ஒழிப்பதற்கென 1872 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து யமேக்காத் தீவிற்கும், 1883 ஆம் ஆண்டில் யமேக்காவிலிருந்து அவாய்த் தீவுகளுக்கும் கீரிகள் கொண்டுசெல்லப்பட்டன. எலி இரவிலும் கீரி பகலிலும் திரிவதால் எலிகள் முற்றாக ஒழியவில்லை. மாறாக, அத்தீவுகளின் நிலத்திற் கூடுகட்டும் பறவைகள் கீரிகளுக்கு இரையாயின.

கடியை நோக்குதல்

பற்களின் அமைப்பு வேறுபடுவதால் கடியின் அடையாளமும் வேறுபடும். எல்லாத் தடயங்களிலும் இதுவே மிகவும் நம்பத்தக்கது.

எலி, முயல், அணில் ஆகியவற்றிற்கு மேல் தாடையிலும் கீழ்த் தாடையிலும் உளி போன்ற வெட்டுப்பற்கள் உண்டு. இப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதனால் அவை எதையேனும் கடித்துத் தேய்க்கவேண்டிய நிலையில் உள்ளன. இவை கடித்த தண்டு, கூரிய கத்தியால் வெட்டியது போலச் சாய்வாகவும் துப்புரவாகவும் இருக்கும். பூசணிக்காய், மரவள்ளிக்கிழங்கு போன்றவற்றில் இரண்டு பற்களின் சோடிக் கோடுகளைக் காணலாம்.

ஆட்டிற்கும் மாட்டிற்கும் மேல் தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பற்கள் இல்லை. அவ்விடத்திற் கடினமான தசைப்பட்டையே உண்டு. ஆதலின் அவை பயிரை வெட்டுவதில்லை. பற்றி இழுத்துக் கிழிக்கின்றன. கிழிந்த நுனி நார் நாராகத் தொங்கும். இளங் கன்றாயின் வேரோடு பிடுங்கப்பட்டிருக்கும்.

வெட்டுப்புழு இளங்கன்றை நிலமட்டத்தில் அறுத்துவிடும். பெரும்பாலும் கன்று அவ்விடத்திலேயே சாய்ந்து கிடக்கும். அதன் அடியில் ஓரிரு அங்குலம் மண்ணைக் கிளறினால் வளையம் போலச் சுருண்ட கருநிறப் புழு அகப்படும். இங்கே விலங்கைத் தேடுதல் வீண் முயற்சியாகும்.

நத்தை இலையில் ஒழுங்கற்ற ஓட்டைகளை உண்டாக்கும். காய்ந்தபின் வெள்ளிபோல மினுங்கும் அதன் பசைக்கோடு மண்ணிலும் இலையிலும் தென்படும். ஆபிரிக்கப் பெருநத்தை 1900 ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் பரவியதாகும்.

பறவைகள் விதைத்த விதையைக் கிளறி எடுக்கும். அல்லது முளையைப் பிடுங்கி, விதைப்பகுதியை மட்டும் உண்டு, தண்டை எறிந்துவிடும். மண்ணிற் கூம்பு வடிவான சிறு துளைகள் காணப்படும்.

கடியின் உயரமும் கவனிக்கத்தக்கது. எலி நிலத்திலிருந்து ஓரிரு அங்குலத்திற் கடிக்கும். ஆடு பின்னங்காலில் எழுந்து நின்று மனிதனின் மார்பளவு உயரம்வரை மேயவல்லது.

காலடியை நோக்குதல்

எலியின் முன்னங்காலில் நான்கு விரல்களும் பின்னங்காலில் ஐந்து விரல்களும் பதியும். மெல்லிய மணலில், இரு வரிசைச் சுவடுகளுக்கு நடுவே வால் இழுபட்ட கோடும் சில வேளைகளிற் தெரியும்.

முயல் தாவி ஓடும்போது முன்னங்கால்கள் முதலில் ஊன்றப்பட, நீண்ட பின்னங்கால்கள் அவற்றைக் கடந்து முன்னே பதிகின்றன. எனவே பெரிய சுவடுகள் இருக்கும் பக்கமே அது சென்ற திசையாகும்.

பூனையின் சுவட்டில் நான்கு விரல்கள் உண்டு. நகம் உள்ளிழுக்கப்படுவதால் நகக்குறி இராது. நாயின் சுவட்டில் நான்கு விரல்களோடு நகக்குறியும் தெரியும். கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல்கள் உண்டு. கீரியின் நீண்ட நகங்கள் விரல்களுக்கு முன்னே புள்ளிகளாகப் பதியும்.

உடும்பு செல்லும்போது இருபுறமும் விரித்த விரல்களோடு கூடிய சுவடுகளும் நடுவே தடித்த வாற்கோடும் தோன்றும். வளைந்து வளைந்து செல்லும் கோடு மட்டும் காணப்பட்டு, காலடி யாதும் இல்லையெனின் அது பாம்பின் தடமாகும். நண்டு சென்ற இடத்தில் ஊசியாற் குத்தியது போன்ற புள்ளிகள் இரு வரிசையாக இருக்கும்.

மாட்டினதும் ஆட்டினதும் குளம்பு இரண்டாகப் பிளந்தது. குதிரையின் குளம்பு பிளவற்றது, வட்டமாகப் பதிவது.

எச்சத்தையும் மிச்சத்தையும் நோக்குதல்

எலியின் புழுக்கை கதிர்க்கோல் வடிவானது. சுண்டெலியினது நெல்மணியிலும் சிறியது. பெரிய எலியினது அரை அங்குலமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். முயலின் பிழுக்கை உருண்டையாகவும் சற்றுத் தட்டையாகவும் இருக்கும்; உடைத்தால் உள்ளே புல்நார் மட்டும் தென்படும். மரநாய் மதிலின் மேலும் கல்லின் மேலும் எச்சமிடும் வழக்கமுடையது. அதிற் பழவிதைகள் செரிக்காமல் முழுமையாகக் கிடக்கும். கீரியின் எச்சத்தில் வண்டுகளின் இறக்கை ஓடும் மயிரும் சிறு எலும்பும் இருக்கும்.

மரத்தின் கீழ் சாறு பிழியப்பட்ட பழச்சக்கை சிறு உருண்டைகளாகக் கிடந்தால் அது பழந்தின்னி வௌவாலின் வேலையாகும். அது சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பிவிடும்.

கூகை, ஆந்தை ஆகியன எலியை முழுதாகவோ பெருந் துண்டுகளாகவோ விழுங்குகின்றன. செரியாத மயிரையும் எலும்பையும் உருண்டையாக்கி வாய்வழியே கக்கிவிடுகின்றன. இவ்வுருண்டையை விலங்கின் எச்சமென்று பலர் மயங்குவர். அதனை நீரில் ஊறவைத்துக் குச்சியாற் பிரித்துப் பார்த்தால் எலியின் மண்டையோடும் நீண்ட மஞ்சள் நிற வெட்டுப்பற்களும் வெளிப்படும். இத்தகைய உருண்டை கிடக்கும் தோட்டத்தில் கூலியின்றிக் காவல்புரியும் பறவை ஒன்று வாழ்கின்றது என்று கமக்காரர் மகிழலாம்.

தடயத்தின் வயதையும் அறிதல் வேண்டும். புதிய பிழுக்கை ஈரமும் மினுக்கமும் உடையது. பழையது வெளிறி, விரலால் அமுக்கக் கோலால் தொட உதிரும். புதிய சுவட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கும். காற்றும் வெயிலும் பட்ட பழைய சுவட்டின் விளிம்பு மழுங்கியிருக்கும். எச்சங்களை வெறுங்கையாற் தொடாது குச்சியாற் கிளறிப் பார்த்தல் வேண்டும்.

வளைகளும் குழிகளும்

அகழான் எனப்படும் வயலெலி வரம்பிலும் வேலியடியிலும் வளை தோண்டும். வளைவாயில் தோண்டிய மண் குவியலாக இருக்கும். எலி உள்ளே இருக்கும்போது வாயை மண்ணால் அடைத்து வைப்பதும் உண்டு. உள்ளே தானியங்களையும் கதிர்களையும் சேமித்து வைக்கும் வழக்கம் இதற்குண்டு. நண்டின் வளை ஈரமான இடத்தில் இருக்கும். வாயைச் சுற்றிச் சேற்றுருண்டைகள் கிடக்கும்.

கீரி புழுக்களையும் வண்டுகளையும் தேடித் தோண்டும் குழி ஆழமற்றது, கூம்பு வடிவானது, ஒருபுறமாக மண் தள்ளப்பட்டிருக்கும். குழி தோண்டியதனால் ஓரிரு கன்று சாய்ந்திருக்கலாமேயன்றிக் கன்று உண்ணப்பட்டிராது.

வளை பல இருப்பினும் எல்லாவற்றிலும் எலி இருப்பதில்லை. மாலையில் எல்லா வளைவாய்களையும் மண்ணால் மூடிவிடல் வேண்டும். காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவையே உயிருள்ள வளைகளாகும்.

நெல் வயலில் அறியும் முறை

காலபோக நெல்லில் எலியின் சேதம் பெரும்பாலும் வயலின் நடுவிலிருந்து தொடங்கும். வரம்பில் நின்று பார்க்கும் கமக்காரருக்கு ஓரப்பயிர் செழிப்பாகவே தோன்றும். உள்ளே சென்றால் மட்டுமே வட்டமாக அழிந்த இடம் புலப்படும். மட்டங்கள் நீர்மட்டத்திற்கோ நிலமட்டத்திற்கோ சற்று மேலே சாய்வாக வெட்டப்பட்டிருக்கும்.

நண்டின் சேதம் வரம்பை அண்டி, நாற்று இளமையாக இருக்கும்போதே நிகழும். நாற்று அடியில் நசுக்கி அறுக்கப்பட்டிருக்கும். துண்டுகள் நீரில் மிதக்கும்.

தண்டு துளைப்பானின் சேதத்தில் மட்டம் வெட்டப்படுவதில்லை. நடுக்குருத்து வாடி நிற்கும்; பிடித்து இழுத்தால் இலகுவிற் கையோடு வரும். கதிர் வந்தபின் வெண்கதிராகத் தோன்றும். இதனை எலியின் வேலையென்று கருதி நஞ்சிடுவதால் யாதொரு பயனும் இல்லை.

நெடுந்தீவுக்குரிய தனி நிலைமை

நெடுந்தீவிற் கட்டாக் குதிரைகள் இன்றும் வாழ்கின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் அத்தீவு குதிரை வளர்க்கும் இடமாக இருந்தது. பழைய குதிரை இலாயத்தின் சிதைவுகள் அங்கே காணப்படுகின்றன. 2015 ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

கோடையிற் புல்லும் நீரும் அருகும்போது குதிரையும் மாடும் பசுமையான இடங்களை நாடுதல் இயல்பு. வளவிற்குள் வந்தது குதிரையா மாடா என்பதை மூன்று குறிகளால் அறியலாம். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பற்கள் இருப்பதால் அது நிலத்தோடு ஒட்டக் கறித்திருக்கும்; மாடு நாவினாற் சுற்றி இழுத்துக் கிழித்திருக்கும். குதிரையின் குளம்பு வட்டமானது, மாட்டினது பிளந்தது. குதிரையின் இலத்தி உருண்டைகளாகக் குவிந்திருக்கும். மாட்டுச் சாணம் தட்டையாகப் பரந்திருக்கும்.

இரண்டிற்கும் பரிகாரம் ஒன்றே. நெடுந்தீவின் வளவுகளைச் சூழ்ந்துள்ள முருகைக்கல் மதில்கள் சாந்தின்றி அடுக்கப்பட்டவை. கல் சரிந்த இடத்தை மழைக்கு முன்னரே அடுக்கி உயர்த்திவிட்டால் விலங்கு நுழையாது. குதிரைக்குப் பொறியோ நஞ்சோ வைத்தல் கொடுமையும் குற்றமுமாகும்.

மூன்று இரவுச் சோதனை

தடயங்கள் தெளிவற்றிருக்குமாயின் பின்வரும் சோதனையைச் செய்தல் நன்று. இதற்குப் பணச் செலவு இல்லை.

முதலாம் இரவு: வேலியிலுள்ள இடைவெளிகளிலும் பாத்திகளைச் சுற்றியும் இரண்டு முழ அகலத்திற்கு மெல்லிய மணலையோ சலித்த சாம்பலையோ பரப்பி, தென்னோலையால் இழுத்து மட்டப்படுத்தல் வேண்டும். காலையிற் பதிந்த சுவடுகளை அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் இரவு: வளைவாய்கள் யாவற்றையும் மூடி, அவற்றின் முன்னும் மணல் பரப்புதல் வேண்டும். திறந்த வளையையும் அதன் முன்னுள்ள சுவட்டையும் முதல்நாட் சுவட்டோடு ஒப்பிடல் வேண்டும்.

மூன்றாம் இரவு: சில கன்றுகளைக் கம்பிவலையால் மூடியும், சிலவற்றை மேலே மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்துவிட்டும், சிலவற்றை மூடாமலும் விடல் வேண்டும். முழுதும் மூடிய கன்றும் அறுந்திருந்தால் பகை மண்ணினுள் இருக்கும் புழுவாகும். பக்கம் திறந்தவையும் மூடாதவையும் அழிந்து, முழுதும் மூடியவை பிழைத்தால் நிலத்தில் ஊர்ந்தோ நடந்தோ வரும் பிராணியாகும். மூடாதவை மட்டும் அழிந்தால் மேலிருந்து வரும் பறவையையோ உயரமான கால்நடையையோ ஐயுறலாம்.

எடுத்துக்காட்டின் முடிவு

இனி வேலணைத் தோட்டத்திற்கு மீளுவோம். முதல்நாள் மாலை பாத்திகளுக்கு நீர் பாய்ச்சப்பட்டதாகக் கூறினோம். ஈரமண்ணில் ஆட்டின் குளம்பு பதியாதிருக்க இயலாது. பாத்திகளில் எங்கும் குளம்புச் சுவடு இல்லை. படலையருகிற் கிடந்த பிழுக்கை வெளிறி உதிர்ந்தது. ஆதலின் அது பல நாட்களுக்கு முந்தியது. எஞ்சிய கன்றுத் தண்டுகள் சாய்வாகவும் துப்புரவாகவும் வெட்டப்பட்டுள்ளன. ஆடு குற்றமற்றது.

சிறு குழிகளின் அருகே ஐந்து விரலும் நகப்புள்ளியும் பதிந்துள்ளன. எனவே கீரி வந்தது உண்மை. ஆயினும் குழிகள் எருவிட்ட ஓரங்களில் மட்டுமே உள்ளன. கன்றுகள் அழிந்த இடம் வேறு. கீரி வந்தது எருவிலுள்ள வண்டுப்புழுவைத் தேடியாகும். ஒரே தோட்டத்தில் இரு பிராணிகளின் தடயம் இருக்கலாம் என்பதையும், ஒன்றின் குற்றத்தை மற்றொன்றின்மேற் சுமத்தலாகாது என்பதையும் இது காட்டுகின்றது.

கருநிற உருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தபோது எலும்பும் மயிரும் எலியின் பற்களும் வெளிப்பட்டன. அது மொட்டைப் பனைப் பொந்தில் வாழும் ஆந்தை கக்கியது. மரநாய் வந்தமைக்குச் சான்று இல்லை.

வெட்டுண்ட தண்டுத் துண்டுகள் சில வேலிப் பக்கமாகச் சிதறியிருந்தன. அவ்வழியே சென்றபோது, குவித்துவைத்த பழைய பனையோலையின் கீழ் ஐந்து வளைகள் இருந்தன. மாலையில் அவை மூடப்பட்டன. காலையில் இரண்டு திறந்திருந்தன. முன்னே பரப்பிய மணலில் நான்கு விரல், ஐந்து விரல் சுவடுகள் பதிந்திருந்தன. பயற்றையை அழித்தது எலியே.

வேலிக்கு அப்பாலுள்ள ஆட்டுக்காரரோடு தோட்டக்காரர் சொல்லாடியிருந்தால் அம்மனத்தாங்கல் பயிரிலும் நெடுநாள் நின்றிருக்கும். கீரிக்கு நஞ்சு வைத்திருந்தால் அது மடிந்திருக்கும், எலிகள் பெருகியிருக்கும்.

பரிகாரங்கள்

எலி: வேலியடியிலும் கிணற்றடியிலும் ஓலை, விறகு, கல் ஆகியவற்றைக் குவித்து வைத்தலாகாது, அவையே எலியின் புகலிடம். பனம்பாத்திகளையும் வைக்கோற்போரையும் அடிக்கடி பார்த்தல் வேண்டும். வயல் வரம்பு ஓர் அடிக்கு மேல் அகலமாக இருப்பின் எலி வளை தோண்ட வசதியாகும். ஒடுக்கமாகவும் புல்லின்றியும் வைத்திருத்தல் நன்று. பொறிகளை எலி செல்லும் தடத்தில் வைத்தல் வேண்டும். பெண்ணெலி ஏறக்குறைய மூன்று வாரம் சூல்கொண்டு ஓர் ஈற்றிற் பல குட்டிகளை ஈனும். ஆதலின் நெற்பயிர் குடலைப் பருவத்தை அடையுமுன்னரே, வெளியிலுள்ள கமக்காரர் அனைவரும் ஒரே வாரத்திற் கூடி வளை தோண்டி அழித்தல் வேண்டும். ஒருவர் வயலில் மட்டும் அழித்தால் அயல் வயலிலிருந்து மீண்டும் வந்து சேரும்.

நத்தை: மாலையில் நனைத்த சாக்குகளைப் பாத்தி ஓரத்தில் விரித்துவைத்து, விடியற்காலையில் அடியிற் கூடியிருக்கும் நத்தைகளைக் கையுறையோடு பொறுக்கி, வாளியிலுள்ள செறிந்த உப்புக் கரைசலில் இட்டுக் கொல்லலாம். பாத்தியில் உப்பைத் தூவுதல் கூடாது. ஏற்கெனவே உவர்ப்பு மிகுந்த தீவு மண்ணை அது மேலும் கெடுக்கும். வெளியிடங்களிலிருந்து நாற்றும் மண்ணும் எருவும் கொண்டுவரும்போது அவற்றில் நத்தையோ முட்டையோ உண்டாவெனச் சோதித்தல் வேண்டும். குறிகட்டுவானிலிருந்து வள்ளத்தில் ஏறும் ஒரு மூடை எருவோடு புதியதொரு தீவிற்கு நத்தை சென்றுவிடக்கூடும்.

முயல், ஆடு, மாடு: வேலியை அடிவரை அடைத்தலே போதிய காப்பாகும். வௌவால், அணில், கிளி: காய்களையும் பழக் குலைகளையும் பனையோலைக் கூடையாலோ வலையாலோ மூடுதல் நன்று.

எச்சரிக்கை

பூச்சிகொல்லியைச் சோற்றிற் கலந்து வைத்தல் மிகவும் ஆபத்தானது. நாய், கோழி, கால்நடை, சிறுபிள்ளைகள் ஆகியோர்க்கு அதனால் உயிராபத்து நேரிடலாம். நஞ்சுண்ட பிராணி கிணற்றில் வீழ்ந்து மடிந்தால் நன்னீர் அரிதான தீவில் ஒரு குடும்பத்தின் குடிநீரே கெடும். சில எலி நஞ்சுகள், எலியை உண்ணும் கூகையையும் ஆந்தையையும் கொல்லும். எலி நஞ்சு இன்றியமையாததாயின், பதிவுபெற்ற மருந்தை விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி, வளையினுள்ளோ மூடிய பெட்டியினுள்ளோ வைத்து, மிஞ்சியதையும் இறந்த எலிகளையும் ஆழப் புதைத்தல் வேண்டும். வேலியில் மின்சாரம் பாய்ச்சிப் பல மனித உயிர்கள் மடிந்துள்ளன. அதனை ஒருபோதும் செய்யலாகாது. உடும்பு முதலிய பல பிராணிகள் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை; ஐயமுண்டாயின் வனசீவராசிகள் திணைக்களத்தினரிடம் கேட்டறிதல் வேண்டும்.

எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். 2024 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யாழ்ப்பாண மாவட்டத்திற் பரவி உயிர்களைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சலே எனப் பரிசோதனையில் அறியப்பட்டது. காலிற் புண்ணுடன் சேற்று வயலில் இறங்குதல் ஆபத்தானது. எலித் தடயம் மிகுந்த வயலில் வேலைசெய்வோர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டறிதல் வேண்டும். காய்ச்சல், தலையிடி, கடும் தசைநோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றினால் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் சென்று, தாம் வயலில் வேலை செய்ததையும் கூறுதல் வேண்டும்.

முடிவுரை

ஆராயாது பழி சுமத்துவதால் வரும் கேட்டிற்கு ஒரு நாடே சான்றாக உள்ளது. சீனாவில் 1958 ஆம் ஆண்டில் எலி, ஈ, நுளம்பு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் பயிர்ப்பகையென்று கருதி அழிக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. குருவி தானியத்தை உண்டது உண்மையே. ஆயினும் அது பூச்சிகளையும் உண்டு வந்தது. குருவிகள் அழிந்தபின் பூச்சிகள் பெருகின. 1960 ஆம் ஆண்டில் அழிக்கவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டு, அதனிடத்தில் மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது.

ஒரு நாட்டிற்குப் பொருந்துவது இரண்டு பரப்புத் தோட்டத்திற்கும் பொருந்தும். எனவே அழிவைக் கண்ட கமக்காரர் பின்வருவனவற்றை நினைவிற் கொள்வாராக:

1. தோட்டத்தினுள் நடக்குமுன் வெளியே சுற்றிப் பார்த்தல்.
2. அழிவு பகலிலா இரவிலா நிகழ்ந்தது என வரையறுத்தல்.
3. கடி வெட்டியதா, கிழித்ததா, அரித்ததா என நோக்குதல்.
4. காலடி, எச்சம், வளை ஆகியவற்றின் வடிவையும் வயதையும் அறிதல்.
5. இரண்டு தடயங்களாவது ஒன்றையே காட்டினாலன்றி முடிவு செய்யாமை.
6. ஐயமுண்டாயின் மூன்று இரவுச் சோதனை செய்தல்.
7. பகையை அறிந்தபின்னரே, அதற்குரிய பரிகாரத்தை மட்டும் கைக்கொள்ளுதல்.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதியிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். செல்லும்போது வெட்டுண்ட தண்டு ஒன்றையும், நாணயம் வைத்து எடுத்த சுவட்டின் படத்தையும் கொண்டுசெல்வது விரைவில் விடை காண உதவும்.